அவுரி நீலத்தைக் கையாளுவதும் பத்திரப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் எங்கள் சிறு சாயப் பட்டறைக்குத் துணி தோய்க்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள், பயிற்சி முடிந்ததும் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ அவுரி நீலத்தை வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் காலடிப்பேட்டைக்கும் போய்விடுகிறார்கள். சந்தேகங்கள் வீட்டில் டப்பாவைத் திறக்கும்போதுதான் வருகின்றன. பெரிய ஆலைகளுக்கென எழுதப்பட்ட பாதுகாப்புக் குறிப்புகள், சமையலும் படுக்கையும் குழந்தைகளும் ஒரே அறைக்குள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தருகிறோம்.

கடையில் அவுரிப் பொடி என்று பச்சையாக ஒன்றும் நீலமாக ஒன்றும் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பச்சைப் பொடி என்பது அவுரி இலையை நிழலில் உலர்த்தி அரைத்தது. தலைமுடிக்குப் பூசுவதற்காக விற்கப்படுவது. அதற்குள் நீலம் இன்னும் பிறக்கவில்லை. நீலமாக மாறவேண்டிய முன்பொருள் மட்டுமே இலையில் இருக்கிறது, தண்ணீர் பட்ட பிறகுதான் அது உடைந்து, காற்றோடு சேர்ந்து நீலமாகிறது. நீலப் பொடியோ, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வயல்களிலிருந்து வரும் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு, இறங்கிய மஞ்சட்பச்சைச் சாற்றை அடித்துக் கலக்கிக் காற்றேற்றி, அடியில் தங்கும் நீல வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டியாக அழுத்திக் காயவைத்து அரைத்தது. இது துணிக்கானது.

பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. தென் மாவட்டங்கள் சிலவற்றில் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்வதுண்டு. நாட்டுமருந்துக் கடையில் வெறுமனே ‘அவுரி’ என்று கேட்காமல், சாயத்துக்கான நீல அவுரி என்று சொல்லிக் கேளுங்கள்.

வாங்கியது உண்மையான நீலம்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். கட்டியாக வாங்கினால் அதன் ஒரு முகத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். நல்ல நீலமானால் தேய்த்த இடம் மட்டும் புதுச் செப்புக்குடத்தின் விளிம்பைப் போலச் சிவந்து மினுங்கும். மண்ணும் சுண்ணாம்பும் அதிகம் கலந்த கட்டி சாம்பல் நிறமாகத் தேய்ந்து, உதிரும். அடுத்து, ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூவுங்கள். நீலம் தண்ணீரில் கரையாத பொருள். பொடி மிதக்க வேண்டும் அல்லது மெல்ல அடியில் படிய வேண்டும். போட்ட உடனே தண்ணீரே ஊதா மையைப் போல மாறினால் அதில் வேறு சாயம் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

செயற்கை நீலத்தைக் கலந்திருந்தால் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்கா. ஜெர்மனியில் 1897இல் விற்பனைக்கு வந்த செயற்கை நீலத்தின் மூலக்கூறும் இலையிலிருந்து வருவதும் ஒன்றே. அதனால் தெரிந்த இடத்தில் வாங்குவதைத் தவிர வேறு வழி சொல்லத் தெரியவில்லை.

வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இதிலிருந்து எடுப்பதுதானே?

இல்லை. சொட்டு நீலம் செயற்கைச் சாயக் கரைசல். அதற்கு முன் புழங்கிய கட்டி நீலம் அல்ட்ராமரின் எனப்படும் கனிம நிறமி. கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

இயற்கைச் சாயம்தானே? முகக்கவசம், கையுறை எல்லாம் எதற்கு?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இந்தப் பக்கத்தை எழுத வேண்டியதாயிற்று. இலையிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் நுரையீரலுக்கு நல்லதாகிவிடாது. மிளகாய்ப் பொடியும் செடியிலிருந்து வந்ததுதான். அவுரி நீலம் தோலை அரிக்கும் நஞ்சு அல்ல, தொட்டால் ஆபத்தும் இல்லை. ஆனால் மிக நுண்ணிய தூளாக அரைக்கப்பட்டிருப்பதால் லேசான அசைவுக்கே எழும்பி, மூக்கிலும் தொண்டையிலும் படிந்து தும்மலையும் இருமலையும் உண்டாக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். நாள்தோறும் கையாளுபவர்களுக்குக் காலப்போக்கில் ஒவ்வாமை வரவும் இடமுண்டு. எனவே எடை போடும்போதும் டப்பா மாற்றும்போதும் என்95 வகை முகக்கவசம் அணியுங்கள். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொள்வது இந்த அளவு நுண்ணிய தூளைத் தடுக்காது.

முகக்கவசத்தைவிட முக்கியமானது மின்விசிறியை நிறுத்துவது. சொல்வதற்கு எளிது, மே மாதத்தில் கடைப்பிடிப்பது கடினம் என்பது எங்களுக்கும் தெரியும். ஐந்து நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரியும்போதும் விளக்கேற்றியிருக்கும்போதும் பொடியைத் திறக்காதீர்கள். காற்றில் அடர்த்தியாகப் பறக்கும் எந்தச் செடித்தூளும் தீப்பற்றக் கூடியது.

தூசியே எழாமல் வேலை செய்ய ஒரு பழைய முறை இருக்கிறது. அகன்ற வாயுள்ள பாட்டிலில் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, ஏழெட்டுக் கூழாங்கற்களைப் போட்டு, அதன்மேல் எடை போட்ட பொடியை மெல்லச் சரித்து, மூடியை இறுக்கிப் பத்து நிமிடம் குலுக்குங்கள். முதலில் பொடி தண்ணீரை ஏற்காமல் மேலே தனித்து நிற்கும். கற்கள் உருண்டு உரச உரசக் குழைந்து, கடைசியில் தோசைமாவுப் பதத்தில் கருநீலக் கூழாக இறங்கும். பொடியாக இருக்கும் வரைதான் அது மூச்சுக்குத் தொல்லை. கூழான பின் காற்றில் பறக்காது.

நீலத்தை எதில், எங்கே வைத்தால் நல்லது?

நீலத்துக்கு வெயிலும் வெப்பமும் அவ்வளவு விரைவில் கேடு செய்வதில்லை, ஈரம்தான் பகை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நம் வீடுகளில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் என்றால் சாயப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையிலிருந்து வந்த பாலித்தீன் பையோடு அப்படியே வைக்காதீர்கள். பையை இரண்டாக மடித்துக் கட்டி, அதை இறுகிய மூடியுள்ள கண்ணாடி பாட்டிலுக்குள்ளோ தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளோ வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு கிடக்கட்டும். அது கிடைக்காவிட்டால், வறுத்து ஆறவைத்த அரிசியை மெல்லிய துணியில் முடிந்து போட்டாலும் ஓரளவு ஈரத்தை இழுக்கும். தகர டப்பா வேண்டாம். கடற்காற்றில் மூடியின் விளிம்பு துருப்பிடித்துப் பொடியில் உதிரும்.

எடுக்கும் கரண்டி உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு கிலோவையும் ஒரே டப்பாவில் வைத்து ஒவ்வொரு முறையும் திறப்பதைவிட, நூறு நூறு கிராமாகப் பிரித்து வைத்தால் ஒன்று நமத்தாலும் மற்றவை பிழைக்கும்.

இனி இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. நீலக்கட்டி இருந்த சாக்கைத் தரையில், ஒரு பலகையின் மேல் வைத்திருந்தோம். பலகை நாலு விரல்கடை உயரம்தான். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது, சுவரில் முழங்கால் உயரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கோடும், அதற்குக் கீழே சாக்கு இருந்த மூலையில் மட்டும் நீலத் திட்டும் இருந்தன. நீலம் கரைந்து போகவில்லை. ஆனால் சாக்கடை நீரும் எண்ணெயும் ஊறிய கட்டியை யாரிடம் கொடுத்து என்ன செய்யச் சொல்வது? முழுவதையும் கழித்தோம். அதிலிருந்து எங்கள் வழக்கம், இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரில் அடித்த மரப்பலகை. பரணில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கான்கிரீட் கூரையானால் நீலத்தை வைக்கலாம். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீட்டில் பரண் கோடையில் அடுப்பாகிவிடும் என்பதால் இலைப் பொடியையும், கீழே சொல்லப்போகும் ஹைட்ரோஸையும் அங்கே ஏற்றவே கூடாது.

பொடி கட்டிப்பட்டுவிட்டது. கொட்டிவிட வேண்டுமா?

நீலப் பொடி வெறுமனே நமத்துக் கட்டிப்பட்டிருந்தால் கெட்டுப்போனதாகப் பொருளில்லை. தாளில் பரப்பி, காற்றடிக்காத நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மேலே சொன்னபடி கூழாங்கல் போட்டுக் குழைத்தால் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூத்து, மக்கிய வாடை வந்தால் மட்டும் கழித்துவிடுங்கள். நீலம் அதில் இன்னும் இருக்கும். ஆனால் பூஞ்சணத் தூளை மூச்சில் இழுத்து மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

இலைப் பொடி கட்டிப்பட்டால் கதை வேறு. ஈரம் பட்டபோதே நிறம் பிறந்து டப்பாவுக்குள்ளேயே முடிந்திருக்கும். அதை வைத்திருந்து பயனில்லை.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

உலர்ந்த நீலக்கட்டி ஆண்டுக்கணக்கில் இருக்கும். கட்டியாக வாங்கி வேண்டும்போது இடித்துக்கொள்வது பொடியாக வாங்கி வைப்பதைவிட எப்போதும் மேல். இலைப் பொடியை அரைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், திறந்த பையானால் ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஐயமிருந்தால் ஒரு தேக்கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தட்டில் பரப்பிக் கால்மணி நேரம் காத்திருங்கள். உயிருள்ள பொடியின் மேற்பரப்பில் நீலம் படரும், அடியில் பச்சை அப்படியே இருக்கும். மேலும் கீழும் ஒரே பாசிப்பச்சையாகக் கிடந்தால் பொடி செத்துவிட்டது.

சாயத் தொட்டியில் போடும் சுண்ணாம்பு ஆபத்தானதா?

நீலத்தைவிட அதிகம். நீலம் துணியில் ஏற வேண்டுமானால் காரத் தண்ணீரில் அதைக் கரையும் மஞ்சட்பச்சை நிலைக்கு மாற்ற வேண்டும். அதற்கு எங்கள் பட்டறையில் நீலம் ஒரு பங்கு, நீர்த்த சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்ற கணக்கில் தொட்டி போடுகிறோம். தமிழ்நாட்டின் பழைய முறையில் சர்க்கரையின் வேலையைத் தகரை விதைக் கஞ்சி செய்தது. சுண்ணாம்பு அதிலும் உண்டு. வெற்றிலைக்குத் தடவும் பொருள்தானே என்ற அலட்சியத்தால்தான் விபத்து வருகிறது. சுண்ணாம்புப் பொடி ஈரமான தோலில் படிந்தால் வெடிப்பும் புண்ணும் வரும், கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் இந்த வேலைக்குக் கட்டாயம்.

நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். பக்கத்தில் ஓலையோ சாக்கோ இருந்தால் பற்றவைக்கும் அளவு சூடு உண்டாகும். நீர்த்த சுண்ணாம்பையும் மூடி வையுங்கள். காற்று பட்டால் அது மெல்ல வெறும் சுண்ணக்கட்டியாக மாறிக் காரம் இழக்கும். பிறகு தொட்டி ஏன் பச்சைக்குத் திரும்பவில்லை என்று நீலத்தின்மேல் பழி போடுவோம்.

ஹைட்ரோஸ் போட்டால் பத்து நிமிடத்தில் தொட்டி தயாராகிறது என்கிறார்களே?

ஆகும். ஆனால் ஒற்றை அறை வீட்டில் அதை வைத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சோடியம் ஹைட்ரோசல்பைட் எனும் இந்த வெள்ளைப் பொடி, கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கக் கூடியது; வரும் புகை கந்தக டை ஆக்சைடு, மூச்சை அடைக்கும். மழைநீர் ஒழுகும் கூரைக்குக் கீழ் அரைக் கிலோ ஹைட்ரோஸ் இருப்பது எத்தகைய வினை என்று நினைத்துப் பாருங்கள். அவசியம் பயன்படுத்துவோர் அன்றைய தேவைக்கு மட்டும் வாங்கி, உலர்ந்த கரண்டியால் எடுத்து, தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. டப்பா சூடாகிப் புகையத் தொடங்கினால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்து அணைக்க முயலாமல், எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். குழாயில் தண்ணீர் வராத வேளையில் சொம்பு சொம்பாக ஊற்ற இரண்டு குடமாவது வேண்டும். அதனால் தொட்டி வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு குடம் நல்ல தண்ணீரை மூடி, பக்கத்தில் வைத்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். நீலப் பொடி மட்டும் பட்டு, கழுவியதும் உறுத்தல் நின்றால் போதும். சுண்ணாம்போ, சிலர் அதற்குப் பதிலாகப் போடும் காஸ்டிக் சோடாவோ பட்டிருந்தால், வலி குறைந்தாலும் எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அன்றே போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச்சாறு எதையும் விடாதீர்கள்.

சமையல் பாத்திரத்திலேயே சாயம் காய்ச்சலாமா?

கூடாது. சாயத்துக்கென எடுத்த அண்டா, கரண்டி, வடிகட்டி எல்லாம் சாயத்துக்கே. கைப்பிடியில் நீல நூலைக் கட்டி வையுங்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் தெரியும். சுண்ணாம்பின் தெளிந்த நீர் பார்வைக்குக் குடிநீரைப் போலவே இருக்கும் என்பதால் அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. டப்பாவின் மேல் என்ன பொருள், எந்தத் தேதி என்பதையும் ‘சாப்பிடக் கூடாது’ என்பதையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். வெல்லமோ பழச்சர்க்கரையோ போட்ட தொட்டி இனிப்பு வாடை அடிக்கும், குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். மூடியின்மேல் அம்மிக்குழவியை வைத்துவிடுங்கள்.

அவுரி சித்த மருந்தில் உண்டே. இந்தப் பொடியைச் சாப்பிடலாமா?

வேண்டாம். மருந்துக்கு மருத்துவர் தருவது செடியின் இலையும் வேரும், அளவு பார்த்துத் தருவது. உங்கள் டப்பாவில் இருப்பது சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்திருக்கக்கூடிய துணிச்சாயம். கேக்குக்கும் இனிப்புக்கும் நிறமேற்றவும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

இலைப் பொடியைத் தலைக்குப் பூசுவதில் என்ன கவனம் வேண்டும்?

முழங்கையின் உட்புறம் ஒரு காசளவு பூசி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். குழைத்த பொடியைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும், மறுநாளுக்கு எடுத்து வைக்க முடியாது. அவுரியைத் தனியே பூசினால் மயிர் நீலமோ பச்சையோ கலந்து தெரியும். முதலில் மருதாணி, பிறகு அவுரி என்பதே வழக்கம். ஆகையால் மருதாணிக்கான எச்சரிக்கையும் சேர்ந்துகொள்கிறது: ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, மருதாணி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும்.

‘ஒரே பூச்சில் கருகரு’ என்று விற்கப்படும் பொட்டலங்களை நம்பாதீர்கள். அவுரி இலை மட்டும் பத்து நிமிடத்தில் நரையை அட்டைக்கரியாக்காது. அப்படி ஆக்கினால் அதில் பிபிடி எனப்படும் செயற்கைச் சாயம் இருக்க வாய்ப்பு அதிகம். பூசிய பின் முகம் வீங்குவது பெரும்பாலும் அதனால்தான். நீங்களே அரைத்து விற்க நினைத்தால், தலைக்குப் பூசும் பொருள் சட்டப்படி அழகுசாதனப் பொருள் என்பதையும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்புக்கு உரிமம் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

தரையில் கொட்டிவிட்டால்?

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அறை முழுவதும் பறக்கும். ஈரத் துணியை மேலே போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். கையில் பிடித்த நீலமும் சோப்பில் போகும், நகக்கண்ணில் இருப்பது நாலைந்து நாளில் தானே போகும். கறை போகவில்லை என்று கழிப்பறை ஆசிட்டை மட்டும் ஊற்ற வேண்டாம். ஹைட்ரோஸ் சிந்திய இடத்தில் ஆசிட் பட்டால் கந்தகப் புகை எழும்; ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வரும்.

வேலை முடிந்த தொட்டித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

முதலில், அது முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மஞ்சட்பச்சையாக இருக்கும் தொட்டியில் இன்னும் நீலம் இருக்கிறது. அதை ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொரு பக்கெட்டுக்கு உயரத்திலிருந்து நாலைந்து முறை ஊற்றினால் காற்றேறி நீலமாகித் திரும்பும். இரண்டு நாள் தெளியவிட்டால் அடியில் வண்டல் தங்கும். அந்த வண்டலைச் சேர்த்து வைத்து அடுத்த தொட்டியில் போடலாம், காசு மிச்சம். மேலே நிற்கும் தெளிநீர் இன்னும் காரமானது. சுண்ணாம்பும் சர்க்கரையும் மட்டும் போட்ட தொட்டியானால் வினிகரைச் சிறிது சிறிதாக விட்டு, காரமும் புளிப்பும் எவ்வளவு என்று காட்டும் பி.எச். தாளில் 7க்கும் 8க்கும் இடையில் வந்த பிறகு கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். ஹைட்ரோஸ் போட்டதில் வினிகரோ வேறு எந்தப் புளிப்போ சேர்க்காமல், திறந்தவெளியில் ஓரிரு நாள் காற்றாட விட்டு, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும்.

தெருவோரத்து மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நம் பக்கத்து வடிகால்களின் தண்ணீர் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு, இறால் தடவிப் பிடிப்பவர்கள் இடுப்பளவு இறங்கி நிற்கும் தண்ணீருக்குப் போகிறது.